ஊர் சுகாதாரக் குழு: யார் இருப்பார்கள், என்ன செய்வார்கள், எங்கே சறுக்கும்?

ஓர் ஊராட்சியில் ஒரே வாரத்தில் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலக்க வேண்டியவர் ஊராட்சியின் தொட்டி இயக்குபவர். சாக்கடை அடைப்பை எடுப்பது தூய்மைக் காவலர்களின் வேலை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய குழாய் உடைந்திருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்திடம் போக வேண்டும். நோயாளிகளை ஆரம்ப சுகாதார நிலையம் பார்க்கும். குழந்தைகளின் எடை குறைவதை அங்கன்வாடி கவனிக்கும். இந்த ஐந்து வேலைக்கும் மேலே நான்கு துறைகள் இருக்கின்றன. ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவு போட முடியாது. அதனால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கை காட்டுவதோடு விஷயம் முடிந்துபோகும்.

இந்த நான்கு துறைக்காரர்களையும் ஊர்க்காரர்களோடு மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஜமக்காளத்தில் உட்கார வைப்பதற்காக உண்டானதுதான் கிராம சுகாதாரம், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு. தமிழ்நாட்டில் குடிநீரையும் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். பெயர் நீளமானாலும் வேலை ஒன்றுதான்: ஊரில் நோய் வருவதற்கான காரணத்தை ஊரே கண்டுபிடித்து, அதைச் சரிசெய்ய வேண்டியவரிடம் பெயர் சொல்லி, தேதி சொல்லிக் கேட்பது.

2005 ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் பகுதியாக இந்தக் குழுக்கள் நாடெங்கும் வந்தன. 2011இல் ஊட்டச்சத்தும் அவற்றின் பொறுப்பில் சேர்ந்தது. யோசனை அதைவிடப் பழையது. தங்கள் உடல்நலத்துக்கான ஏற்பாடுகளைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று 1978இல் ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாட்டின் அல்மா ஆட்டா பிரகடனம் சொன்னது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் ரஜினிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்ற மருத்துவத் தம்பதியர் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊர்க் குழுக்களைத் துணைக்கு வைத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

குழுவில் யார் யார்?

தேசிய வழிகாட்டுதல்படி குறைந்தது 15 உறுப்பினர்கள் வேண்டும். அவர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர் வாழும் தெருக்களுக்கும் கட்டாயம் இடம் உண்டு. பல மாநிலங்களில் ஆஷா பணியாளர், அதாவது ஊரிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர், உறுப்பினர் செயலராக இருப்பார். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி போன்ற சில இடங்களில்தான் இருக்கிறார்கள். அதனால் இங்கே ஊராட்சி மன்றத் தலைவர் குழுவின் தலைவராகவும், கிராம சுகாதார செவிலியர், அதாவது ஊரார் சொல்லும் நர்சம்மா, கூட்டத்தைக் கூட்டுபவராகவும் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கும். ஒருவர் கையெழுத்தில் மட்டும் பணம் எடுக்க முடியாது.

இவர்களோடு வார்டு உறுப்பினர்கள், அங்கன்வாடிப் பணியாளர், சுகாதார ஆய்வாளர், பள்ளி ஆசிரியர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர், ஊரில் அக்கறையுள்ள சிலர் ஆகியோரைச் சேர்ப்பது நல்லது. தொட்டி இயக்குபவரையும் தூய்மைக் காவலரையும் பெரும்பாலான ஊர்களில் கூப்பிடவே மாட்டார்கள். தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போகிறது, எந்த வால்வு கசிகிறது, எந்தச் சாக்கடை மழைக்கு முன்பே நிரம்புகிறது என்பதெல்லாம் அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர்களைக் கேள்வி கேட்பதற்காக நிறுத்தாமல், நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும்.

ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் கிராமக் குடிநீர் மற்றும் துப்புரவுக் குழு என்று இன்னொன்றும் இருக்கும். குழாய் இணைப்பு, பராமரிப்பு அதன் வேலை. இரண்டிலும் பாதிப் பேர் பொதுவாக இருந்தால் ஒரே நாளில் அடுத்தடுத்து கூட்டத்தை நடத்திவிடலாம். தீர்மானப் புத்தகங்களை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம்

மாதத்துக்கு ஒரு கூட்டம் என்பது விதி. எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதில்தான் குழுவின் தலைவிதி இருக்கிறது. காலை 11 மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டால் நூறு நாள் வேலைக்குப் போன பெண்களில் ஒருவரும் வர மாட்டார்கள். அலுவலர்கள் மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மாலை 4 மணிக்கு மேல் வைக்கலாம், இல்லையென்றால் வேலை நடக்கும் இடத்துக்கே போகலாம். இடம் இதைவிட முக்கியம். ஊரையும் காலனியையும் ஒரு சாலை பிரிக்கிற கிராமங்களில் கோயில் மண்டபத்தில் கூட்டம் என்றாலே ஒரு பகுதி மக்கள் வரத் தயங்குவார்கள். வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். ஒரு மாதம் காலனி அங்கன்வாடி, அடுத்த மாதம் பள்ளிக்கூடம் என்று இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள். காலனியில் கூட்டம் நடக்கும் மாதத்தில்தான் அங்கே தண்ணீர் கடைசியாக வருவதும், கழிவுநீர் போக வழியில்லாததும் அலுவலர்களின் கண்ணில் படும்.

கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் போன மாதத் தீர்மானங்களைப் படிப்பதற்கு. எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் புதுப் பேச்சுக்குப் போகிற குழு ஆறு மாதத்தில் படுத்துவிடும்.

தீர்மானத்தை எழுதும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெரும்பாலான புத்தகங்களில் இப்படித்தான் இருக்கும்: "குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது. நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது." இதை வைத்து அடுத்த மாதம் யாரிடம் என்ன கேட்பது? அதையே இப்படி எழுதலாம்: "கீழத்தெரு கடைசிப் பொதுக் குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது. வால்வுக் குழிக்குள் சாக்கடை நீர் தேங்கி நிற்கிறது. குழியை இறைத்துச் சுத்தம் செய்து வால்வை மாற்றும் பொறுப்பு ஊராட்சிச் செயலருக்கு. 20ஆம் தேதிக்குள் முடிய வேண்டும். 21ஆம் தேதி சுகாதார ஆய்வாளர் அதே குழாயில் குளோரின் அளவு பார்த்துச் சொல்வார்." என்ன குறை, எந்த இடம், யார் செய்வது, எப்போது முடிப்பது, சரியாகிவிட்டதை யார் பார்ப்பது. இந்த ஐந்தும் ஒரு தீர்மானத்தில் இருக்க வேண்டும். ஒரு குழு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க விரும்புபவர்கள் கணக்குப் புத்தகத்தைவிட முதலில் இந்தப் புத்தகத்தைப் புரட்டுவது நல்லது.

தண்ணீர்தான் முதல் வேலை

குழு ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்துச் செய்ய முடியும் என்றால் அது குளோரினாக இருக்கட்டும். செலவு குறைவு, அளந்து பார்க்க முடியும், பலன் உடனே தெரியும்.

ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு நல்ல தரமான பிளீச்சிங் பவுடர் 4 கிராம் என்பது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. புதிய பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி நிரம்பும்போது ஊற்றினால் நன்றாகக் கலக்கும். அதன்பின் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் திறந்துவிட வேண்டும். வாளி அடியில் தங்கிய சுண்ணாம்பையும் சேர்த்துக் கொட்டினால் குழாய் அடைக்கும், தண்ணீர் வெளுத்து வரும். மக்கள் "மருந்து வாடை" என்று சொல்லிப் பிடிக்காமல் விட்டுவிடுவார்கள்.

கலந்தால் மட்டும் போதாது, அளவு பார்க்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்தால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஊரின் கடைசி வீட்டுக் குழாயில் பாருங்கள். சோதனைக் குழாயில் குறித்த அளவு தண்ணீர் எடுத்துச் ஆர்த்தோடொலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சில சொட்டு விட்டால் குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். உடனே நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். தாமதித்தால் மஞ்சள் கூடிக்கொண்டே போய்த் தப்பான அளவு காட்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைசிக் குழாயில் இருக்க வேண்டும். நோய் பரவும் காலத்தில் 0.5 இருப்பது நல்லது. நிறமே வராவிட்டால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: பவுடர் போடவில்லை, பவுடர் செத்துப்போனது, வழியில் எங்கோ சாக்கடை கலந்து குளோரினைத் தின்றுவிட்டது. தொட்டியடியில் மஞ்சள் வந்து கடைசித் தெருவில் வராவிட்டால் மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பவுடர் ஏன் சாகிறது? பிளீச்சிங் பவுடர் காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் வீரியம் இழக்கும். 30,000 லிட்டர் தொட்டியை நாளுக்கு ஒருமுறை நிரப்பும் ஊருக்கு மாதம் 3.6 கிலோ போதும். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று 25 கிலோ மூட்டை வாங்கிப் பிரித்து வைத்தால் அது கிட்டத்தட்ட ஏழு மாதம் வரும். மூன்றாவது நான்காவது மாதத்திலேயே நீங்கள் தண்ணீரில் கலப்பது பெரும்பாலும் சுண்ணாம்பாக இருக்கும். ஏட்டில் தினமும் குளோரின் போட்டதாக இருக்கும், தொட்டி இயக்குபவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார், ஆனாலும் ஊரில் வயிற்றுப்போக்கு வரும். எனவே கொஞ்சமாக வாங்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், நிழலான உலர்ந்த இடத்தில் வைத்து, வாங்கிய தேதியை டப்பா மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியின் தூணில் பெயிண்டால் எழுதுவது நல்ல வழக்கம். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள்.

கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும்: மூடாத சிமென்ட் தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், டயர், கொட்டாங்கச்சி, ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு. முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் காய வைக்கச் சொல்கிறார்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது. முட்டைகள் தொட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நார் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

குழு செய்யக்கூடியது ஒரு சின்னக் கணக்கு. 50 வீட்டைப் பார்த்து, எத்தனை வீட்டில் கொசுப்புழு இருக்கிறது என்று எண்ணுங்கள். 4 வீடு என்றால் நூற்றுக்கு 8. இதைத் தெரு வாரியாக ஒவ்வொரு மாதமும் கூட்டத்தில் சொன்னாலே போதும், புகை அடிக்கச் சொல்லும் கோரிக்கை குறைந்து தொட்டியை மூடும் வீடுகள் கூடும். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தொட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

தாய், குழந்தை

இந்தப் பகுதியில் குழு மருத்துவம் பார்க்க வேண்டியதில்லை. யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று தேடுவதுதான் அதன் வேலை. நர்சம்மாவின் பதிவேட்டில் இருக்கும் கர்ப்பிணிகளையும் தெருவில் இருக்கும் கர்ப்பிணிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பம், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை இன்னும் வாங்காதவர் என்று யாராவது கிடைப்பார்கள். பிக்மி எண் இல்லாவிட்டால் மகப்பேறு உதவித்தொகையும் பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் சிக்கலாகும். அதனால் இதைக் கூட்டத்தில் மாதா மாதம் கேட்க வேண்டும்.

குழந்தைகளுக்கு ஒரு நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது மேற்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளந்தால் 11.5 செ.மீ.க்குக் கீழே இருப்பது கடுமையான ஊட்டக்குறைவு. அந்தக் குழந்தையை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 11.5 முதல் 12.5 வரை என்றால் அங்கன்வாடியின் தனிக் கவனம் தேவை. நாடாவை இறுக்கிப் பிடித்தால் குறைவாகவும், தளர்த்தினால் கூடுதலாகவும் காட்டும். தோலைத் தொட்டுக்கொண்டு, தோல் மடியாமல் இருக்க வேண்டும்.

ஊரில் ஒரு தாயோ சிசுவோ இறந்துவிட்டால் குழு அதைப் பேசியாக வேண்டும், வீட்டாரைக் குறை சொல்லாமல். தாமதம் எங்கே நடந்தது என்று மட்டும் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதிலா, வண்டி கிடைப்பதிலா, போய்ச் சேர்ந்தபின் சிகிச்சை தொடங்குவதிலா? மழைக்காலத்தில் 108 ஊருக்குள் வர முடியாத ஒரு தரைப்பாலம்தான் காரணம் என்று தெரிந்தால் அந்தப் பாலம் அடுத்த கிராம சபையின் தீர்மானமாக வேண்டும்.

பணம்

இன்ன வேலைக்குத்தான் என்று கட்டிப்போடாமல் குழுவுக்குத் தரப்படும், அன்டைட் ஃபண்டு என்று எல்லாரும் சொல்லும் நிதி, திட்டம் தொடங்கிய காலக் கணக்குப்படி ஆண்டுக்கு 10,000 ரூபாய். மாதத்துக்கு 833 ரூபாய். 3,000 பேர் வாழும் ஊராட்சியில் தலைக்கு 3 ரூபாய் 33 காசு. இதை வைத்து ஊரின் சுகாதாரத்தை மாற்றிவிட முடியாது. அதற்காக இந்தப் பணம் வரவும் இல்லை. பெரிய வேலைக்கு ஊராட்சியின் பொது நிதியும் துறைகளின் நிதியும் இருக்கின்றன. அந்த நிதி வருவதற்குள் ஏற்படும் இடைவெளியை அடைக்கத்தான் இது: குளோரின் சோதனைக் குப்பி தீர்ந்துவிட்டது, வயிற்றுப்போக்கு பரவும் வாரத்தில் சாக்கடை எடுக்கக் கூடுதல் ஆள் வேண்டும், வால்வுக் குழிக்கு மூடி இல்லை, அங்கன்வாடி எடை மெஷினுக்கு பேட்டரி இல்லை.

வேறு திட்டத்தில் நிதி ஒதுக்கப்பட்ட வேலைக்கு இதிலிருந்து செலவழிக்கக் கூடாது. யாருக்கும் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஒரு தனிக் குடும்பத்துக்கு மட்டும் பயன்படும் செலவை ஆதரவற்றவர், உடனடி ஆபத்து போன்ற விதிவிலக்கில்தான் அனுமதிக்கலாம். வழி எளிது: கூட்டத்தில் தீர்மானம், இருவர் கையெழுத்தில் பணம், கடைக்காரரின் ரசீது, வவுச்சர் எண், கேஷ் புக்கில் பதிவு, அடுத்த கூட்டத்தில் வாசிப்பு, ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ். செலவழிக்காமல் வைத்திருந்தால் மிச்சம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு வரும் தொகை முந்தைய ஆண்டுச் செலவைப் பொறுத்தே அமைகிறது.

இங்கேதான் பெரிய சறுக்கல். ஏப்ரல் முதல் பிப்ரவரி வரை கணக்கில் பணம் தூங்கும், மார்ச்சில் ஒரே ரசீதில் பிளீச்சிங் பவுடர், பினாயில், துடைப்பம் என்று தீர்த்துவிடுவார்கள். அந்தப் பவுடர் ஆடி மாதக் காற்றுக்காலத்தில் என்ன நிலையில் இருக்கும் என்பதை மேலே பார்த்தோம். இன்னொரு சறுக்கல் இரண்டு கையெழுத்தில் வரும். தலைவருக்கும் நர்சம்மாவுக்கும் ஒத்துப்போகாவிட்டால் கணக்கு முடங்கும். நர்சம்மா இடம் மாறினால் வங்கியில் பெயர் மாற்றவே மாதங்கள் ஓடும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் தனி அலுவலரின் கையெழுத்துக்காகக் குழு காத்திருக்க வேண்டும். அப்போதும் கூட்டம் போடவோ தண்ணீரைச் சோதிக்கவோ எந்தத் தடையும் இல்லை. பணம் இல்லாத மாதத்தில் கூட்டமும் இல்லை என்று ஆக்கிக்கொள்ளும் குழு பணம் வந்தபின்னும் கூடப்போவதில்லை.

தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக எடுத்துச் சென்று கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. பெண் வார்டு உறுப்பினருக்குப் பதில் அவர் கணவர் வந்து உட்காருவதும் நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: கூட்டத்தின் தேதி, நேரம், இடத்தை ஒரு வாரம் முன்பே ரேஷன் கடைச் சுவரிலும் அங்கன்வாடிக் கதவிலும் ஒட்டிவிடுங்கள். ஊரறிய அறிவித்த கூட்டத்தை நடத்தாமல் எழுதிவிடுவது கடினம்.

உங்கள் ஊர்க் குழு பெயரளவில்தான் இருக்கிறது என்றால்

முதலில் துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மாவைப் பார்த்து உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். ஊரை விட்டுப் போனவர்கள், இறந்தவர்கள்கூட அதில் இருப்பார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் சபையில் பட்டியலை வாசிக்கச் சொல்லி, தெருவுக்கு ஒரு பெண்ணாவது இருக்கும்படி புதுப்பிக்கத் தீர்மானம் போடச் செய்யுங்கள். அதே சபையில் குழுவின் ஆண்டு வரவு செலவையும் வாசிக்கக் கேட்கலாம்.

முதல் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் குழாயில் குளோரின் பார்ப்பதே போதும். கோலப்பொடியால் தரையில் ஊரின் வரைபடம் போட்டு, தொட்டி, வால்வுகள், பொதுக் குழாய்கள், சாக்கடை போகும் வழி ஆகியவற்றைப் பெண்களைக் கொண்டே குறிக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடங்கள் அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு வாரமும் அதில் ஒரு குழாயைச் சோதித்து, அளவையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, கூட்டத்தில் தொட்டி இயக்குபவர் முன்னிலையிலேயே வாசியுங்கள். மஞ்சள் வராத குழாய்க்கு எதிரே யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்துக்கான முதல் பொருள் தயார்.